பின்வரிசையில் ஓரமாக நிற்பவர்

மாமனார் கஞ்சி போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சலவைக்கடையில் கஞ்சி அவர் இலாகா. ஓட்டல் மேசை விரிப்புக்கு எந்தப் பதம், வக்கீல் காலருக்கு எந்தப் பதம், ஆஸ்பத்திரிச் சீருடைக்கு எந்தப் பதம் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே கஞ்சி. நடக்கும்போது முதுகு வளையாது என்பது இன்னொரு காரணம். கோபித்துக்கொண்டால் உள்ளே போய்ப் போர்த்திக்கொண்டு படுக்கிற ஆள் இல்லை அவர். கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரும் என்ன ஏது என்று கேட்கிற மாதிரி உட்காருவார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒன்றுமில்லையைச் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆகும்.

வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. உள்ளே கொடிகளில் ஆஸ்பத்திரி விரிப்புகள் காய மாட்டேன் என்று தொங்கின. மருமகள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தேவலாம் என்று பட்டதை உருவி இஸ்திரி மேசைக்குக் கொண்டுபோனாள். மூலையில் ரக்பி கிளப்பின் ஆட்டச் சட்டைகள் மூட்டையாகக் கிடந்தன. சனிக்கிழமைச் சேறு, இன்றைக்குச் செவ்வாய். மூட்டை இருக்கும் இடத்தை மூக்கே காட்டிக்கொடுத்தது. அதை யாரும் தொடக்கூடாது என்று மாமனார் உத்தரவு. வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுக் கிளப் கட்டடத் திறப்பு விழா, அன்றைக்கே ஆட்டம். பையன்கள் எதைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள் என்று கேட்டதற்கு, "செயலாளர் கோட்டு வச்சிருக்காரே, அதை ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாத்தி மாத்திப் போட்டுக்கட்டும்" என்றார்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை.

பழைய கிளப் கட்டடத்தை இடித்தபோது, உடை மாற்றும் அறை அலமாரிக்குப் பின்னால் கண்ணாடி விரிசல் விட்ட படம் ஒன்று அகப்பட்டது. இரண்டு வரிசையாக ரக்பி ஆட்டக்காரர்கள். கீழே பெயர் இல்லை, தேதி இல்லை. முகங்களில் பாதி சேறு, மீதி ஈரம் ஏறிய கறை. கிளப் செயலாளர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நாலு பக்கமும் எல்லை காட்டி முடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. விழாவன்று படத்தை மாட்டி, கீழே பித்தளைத் தகட்டில் யார் யார், எந்த வருஷம் என்று பொறித்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நேற்றுக் காலை பிரதியும் கையுமாகக் கடைக்கு வந்தார். கூடவே டயர் கடைக்காரரும் வந்தார். அந்தக் காலத்தில் மைதானத்தில் அவரைத் தாண்டி ஒருவரும் போக முடியாது என்பதால் அவருக்குக் கதவு என்று பெயர். மாமனாருக்கு நாற்பது வருஷத்துச் சிநேகிதர்.

"எல்லாரும் கிடைச்சாச்சு," என்றார் செயலாளர். "நடுவுல கை கட்டி நிக்கிறவரும், பின்வரிசையில ஓரமா கம்பளி போத்திட்டு நிக்கிறவரும்தான் பாக்கி. பின்னாடி தண்ணித் தொட்டி பாதி கட்டியிருக்கு பாருங்க. ஆனா அதைக் கட்டவே மூணு வருஷம் இழுத்தாங்க. எந்த வருஷம்னு பிடிபடல."

மாமனார் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "ஓரமா நிக்கிறது எவனோ தண்ணி குடுக்க வந்தவன். தலையில என்னமோ துணியைச் சுத்திக்கிட்டு நிக்கிறான் பாருங்க. நடுவுல நிக்கிறது நான். துறைமுக டீமை ஜெயிச்ச வருஷம். ஆட்டத்துக்கு முன்னாடி எடுத்தது."

"முன்னாடியா? எல்லாரும் சேறா இருக்காங்களே."

"அன்னைக்கு மழை. மைதானத்துல நடந்தாலே சேறுதான்."

கதவு படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அது எங்கண்ணன்டா," என்றார்.

"என்ன உங்கண்ணன்? நான் நிக்கிற தினுசு எனக்குத் தெரியாதா?"

"எங்கண்ணன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

செயலாளர் சமாதானம் செய்கிறேன் என்று வாயைத் திறந்தார். "ஒருவேளை நீங்க ஆடினது வேற வருஷமோ? இந்தப் படத்துல நீங்க இல்லாமக்கூட இருக்கலாம்."

அவ்வளவுதான். மாமனார் வாழ்க்கையில் ஆடியதே ஒரே ஒரு ஆட்டம். அதில் கடைசி நிமிஷத்தில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் மண்ணில் அழுத்தி ட்ரை போட்டு அணியை ஜெயிக்கவைத்தார். விழுந்த வேகத்தில் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது அந்தத் தெருவில் பால் போடுகிறவருக்குக்கூட மனப்பாடம். அந்த ஆட்டத்தில் நீ இல்லை என்று ஒருவர் வீடு தேடி வந்து சொன்னால் மனுஷன் என்ன செய்வார்? ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டார்.

இன்றைக்கு மத்தியானம் வண்டியில் துணி கொடுத்துவிட்டுத் திரும்பிய மகன், அடுப்படி மேசையில் ரொட்டியைக் காய்கறி சூப்பில் தோய்த்துக்கொண்டே, "வழியெல்லாம் அப்பா பேச்சுதான்" என்றான். "ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேக்கறாரு, உங்கப்பா இன்னும் அந்த ட்ரையைப் போட்டு முடிக்கலையான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே சந்தேகம். என் சின்ன வயசுல அவர் மூணு பேரை ஏமாத்தி ஓடினாரு. எனக்குக் கல்யாணம் ஆகறப்ப அது ஆறு பேர் ஆயிடுச்சு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வருத்தமும் வந்தது. அவளும் அந்தக் கதையை முழுசாக நம்பியவள் இல்லை. ஆனால் அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய மனிதரின் பட்டுச் சட்டையை இஸ்திரியில் பொசுக்கிவிட்டாள். அழுதுகொண்டு நின்றவளைப் பின்னால் தள்ளிவிட்டு மாமனார் முன்னால் வந்து, "நான்தான் பொசுக்கிட்டேன், எல்லாம் பழைய மண்டை அடி" என்று ஆரம்பித்து, ட்ரை கதையை அவிழ்த்துவிட்டு, வந்தவர் சட்டையை மறந்து கைகுலுக்கிவிட்டுப் போகும்வரை விடவில்லை. அப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஊரே சிரிப்பதா? அவளால் தாங்க முடியாது.

சாயங்காலம் பிரதியைத் துண்டில் சுற்றிக்கொண்டு டயர் கடைக்குப் போனாள். கதவு ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நாளைக்குத் தகடு அடிக்கக் குடுத்துடுவாங்க. கொஞ்சம் விட்டுக்குடுக்கக் கூடாதா? அவர் சாப்பிடக்கூட மாட்டேங்கறாரு."

"பொய் சொல்லாத. காலையில உங்க வாசலைத் தாண்டினப்ப ரெண்டு முட்டை உரிச்சு வச்சிருந்தான்."

"சரி, சாப்பிடறாரு. ஆனா சந்தோஷமாச் சாப்பிடல."

கதவு சிரித்துவிட்டார். டியூபைத் தூக்கி ஓட்டையில் சாக்கட்டியால் வட்டம் போட்டார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"எங்கண்ணன் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. வீட்டுல அவன் சின்ன வயசுப் படம் ஒண்ணுகூடக் கிடையாது. இப்பத்தான் ஒண்ணு கிடைச்சிருக்கு. ட்ரையைத்தான் விட்டுக்குடுத்தாச்சு. மூஞ்சியையும் விட்டுக்குடுக்கணுமா?"

"ட்ரையை விட்டுக்குடுத்தீங்களா? என்ன சொல்றீங்க?"

கதவு நாக்கைக் கடித்துக்கொண்டார். துடைக்காத கையாலேயே வாயைத் தேய்த்ததில் மீசையில் கரி பட்டது. "நான் ஒண்ணும் சொல்லல. எதுன்னாலும் போய் உங்க அத்தையைக் கேளு. அன்னைக்கு மைதானத்துல இருந்தது நாங்க மட்டுமில்ல."

மாமியாருக்கு ரக்பி என்றாலே சேறு, சேறு என்றாலே சோப்புச் செலவு. படத்தை ஒரு கண் பார்க்கச் சொன்னபோதெல்லாம் "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று தள்ளிவிட்டவர். மறுநாள் காலை மருமகள் அவரைப் படத்தைப் பார்க்கவைத்தது தந்திரத்தால்தான். மடிக்க எடுத்த விரிப்பின் நடுவில் பிரதியை வைத்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். விரிப்பை உதறியதும் படம் அவர் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தார். கண்ணுக்கு எட்டவும் கிட்டவுமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து மருமகள் பார்த்ததே இல்லை.

"இதோ நிக்கிறாரே உங்க மாமா."

அவர் விரல் நடுவில் நின்றவர் மீது இல்லை. பின்வரிசையில் ஓரமாக, கம்பளி போர்த்தி, தலையில் கட்டம் போட்ட துணி சுற்றி நின்ற ஆளின் மீது இருந்தது.

"தண்ணி குடுக்க வந்தவரா?"

"தண்ணி குடுக்கிற நிலைமையிலயா இருக்காரு? பக்கத்துல கதவு தோள்ல கை போட்டிருக்காரே, பாத்தியா? அது அணைப்பு இல்லடி. விட்டா விழுந்துடுவாருன்னு தாங்கிப் பிடிச்சிருக்காரு."

"தலையில என்ன அத்தை?"

"ஓட்டல் கைத்துண்டு."

விரிப்பை அப்படியே மேசையில் போட்டுவிட்டு மாமியார் சொன்னார். கடை அப்போது அவருடைய அப்பாவுடையது. ரயிலடியில் புதிதாக ஓட்டல் திறந்திருந்தார்கள். கட்டம் போட்ட துண்டுகளின் முதல் சலவையைக் கூடையில் வைத்துக் கொடுக்கப் போனவர், மைதான ஓரம் கூட்டம் இருந்ததால் நின்றார். ஆட்டம் ஆரம்பித்த சூட்டிலேயே எதிராளி என்று நினைத்துக் கதவு ஒருவர் மீது பாய்ந்தார். எல்லோரும் ஒரே சேற்று நிறம், அவர் மேல் குற்றமில்லை. பாய்ந்தது சொந்த அணிக்காரர் மீது.

"மாமா மேலயா?"

"பின்ன? பந்து அவர் கைக்கு வரவே இல்ல. மண்டையில ரத்தம். நான் துண்டை எடுத்துக் கட்டினேன். ஓரமா உக்கார வச்சாங்க. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. ஆட்டம் முடிஞ்சு போட்டோ எடுத்தாங்க, அப்புறம்தான் மயங்கி விழுந்தாரு. முழிச்சப்ப அன்னைக்குக் காலையில டீ குடிச்சதோட சரி, அதுக்கு மேல ஒண்ணும் ஞாபகமில்ல. சந்தோஷமாப் பேச்சுக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாராம். கதவு பாவம், பயத்துல 'கடைசி ட்ரை நீதான்டா போட்ட'ன்னுட்டாரு. கூட நின்னவங்களும் ஆமாம்னுட்டாங்க. அப்புறம் எப்படித் திருப்பி வாங்கறது?"

"நிஜமா யார் போட்டது?"

"கதவோட அண்ணன். அந்தா, கை கட்டி நிக்கிறாரே."

மருமகள் படத்தைத் திரும்பப் பார்த்தாள். டயர் கடையில் கேட்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இத்தனை வருஷமா நீங்க ஏன் அத்தை சொல்லல?"

"முதல்ல எங்கப்பாவுக்குப் பயந்து. வந்த துணி வந்தபடி திரும்பணும் அவருக்கு. அந்த ஒரு துண்டுக்காகக் கொடி கொடியாத் தேடினாரு. அப்புறம் உங்க மாமா அந்தக் கதையைச் சொல்றப்ப மூஞ்சியைப் பாத்திருக்கியே. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்றது? அவருக்கு இடம் வேணும்னா ஓரமா நிக்கிறது அவர்தான்னு சொல்லணும். சொன்னா ட்ரை போயிடும்."

மாமியார் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். வேலை நடுவில் அவர் அதை அணைத்து மருமகள் பார்த்ததில்லை. "கட்டினது நான். நானே அவுத்து விடறேன்," என்று படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

இன்னொரு ஸ்டூல் போடும் சத்தம் கேட்டது. மருமகள் விரிப்புகளுக்குப் பின்னால் நின்று, ஏற்கெனவே மடித்ததையே மறுபடி மடித்தாள். மாமியார் சொன்னது தெருச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. பிறகு எதுவுமே விழவில்லை. மழைத்தண்ணீர் தகரத்தில் சொட்டுவது மட்டும் கேட்டது. மாமனார் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவளைப் பயமுறுத்தியது.

"அப்ப ட்ரை?" என்றார் கடைசியில்.

"அது கதவோட அண்ணன் போட்டது."

"அவனுக்கும் தெரியுமா, நான் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியறேன்னு?"

"நீங்க அவர் எதிர்லயே எத்தனை தரம் சொல்லியிருக்கீங்க."

மறுபடி தண்ணீர் சொட்டியது. "கடைசியா அவனை ஆஸ்பத்திரியில பாக்கப் போனேன்ல," என்றார் மாமனார். "பேச முடியல அவனுக்கு. கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அந்த ட்ரையைச் சொல்லுடா கஞ்சி'ன்னான். நானும் சொன்னேன். கண்ணை மூடிச் சிரிச்சுக்கிட்டே கேட்டான். எனக்காகக் கேக்கறான்னு நினைச்சேன்."

விரிப்புக்குப் பின்னால் மருமகள் மடித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள்.

"அது சரி, நீ எதுக்கு ஓட்டல்காரன் துண்டை எடுத்த? கூடையில பழந்துணி இருந்திருக்குமே."

"இருந்துச்சு."

"பின்ன?"

"நல்லதா ஒண்ணு கட்டணும்னு தோணுச்சு."

"என்னை முன்னப்பின்னத் தெரியாதே உனக்கு. நான் வேலை கேட்டு உங்கப்பாகிட்ட வந்தப்பதானே முதல்ல பாத்த?"

"வேலைக்கு ஆள் வேணும்னு அப்பாகிட்டச் சொன்னது யாருன்னு நினைக்கறீங்க? கதவுகிட்டச் சொல்லி உங்களை அனுப்பச் சொன்னது யாரு?"

மாமனார் எழுந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். விரிப்புக்குப் பின்னால் நின்ற மருமகளைப் பார்த்து, "ஒட்டுக்கேட்டது போதும், சோப்பை எடு" என்றார். சட்டை மூட்டையை அவரே அவிழ்த்தார். வாடை முகத்தில் அடித்தது. மகன் வண்டியிலிருந்து இறங்கியவன் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி வண்டியில் ஏறினான். அவனையும் இழுத்துப் பிடித்தார்கள். மூன்று தண்ணீர் மாற்றியும் நாலாவது தண்ணீரும் காப்பி நிறத்தில்தான் வந்தது. மாமனார் முழங்கை வரை நனைந்து, ஒவ்வொரு காலரையும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். இடையிடையே மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல" என்றார். அந்த ஒன்றுமில்லையை விளக்க மட்டும் அவர் முற்படவில்லை.

செயலாளர் அன்றைக்கே வந்து எழுதிக்கொண்டார். கட்டம் போட்ட துண்டு அவருக்கு எல்லைக்கல் மாதிரி அகப்பட்டது. அந்தத் துண்டு முதல் வருஷத்தோடு சரி, சாயம் போகிறதென்று ஓட்டல்காரர் அடுத்த வருஷமே வெள்ளைக்கு மாறிவிட்டார் என்று மாமியார் சொன்னார். ஓட்டல் திறந்த வருஷத்தைச் செயலாளர் அங்கேயே போய்க் கேட்டு வந்தார். தண்ணீர்த் தொட்டியோடும் அது பொருந்தியது. தேதி முடிவானதில் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் பழைய சண்டையெல்லாம் மறந்துபோயிற்று. "துண்டு காணாமப் போனதை நான் ஓட்டல்ல சொல்லல" என்று மாமியாருக்கு மட்டும் உறுதி கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. புதுக் கட்டடத்தில் சுண்ணாம்பு வாடை. படம் சுவரில் பெரிதாகத் தொங்கியது, கீழே தகடு. நடுவில் நிற்பவர், கதவின் அண்ணன். பின்வரிசை ஓரம், கஞ்சி. விஷயம் என்னவென்று ஊருக்குத் தெரியாது. இடம் மாறியிருப்பதைப் பார்த்துச் சிலர் கண்ணால் பேசிக்கொண்டார்கள். பழைய ஆட்டக்காரர் யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றதும் மாமனார் எழுந்தார். பின்வரிசையில் யாரோ, "ஆரம்பிச்சுட்டாரு" என்றார்கள். கதவு தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் கணவன் கையை இறுகப் பிடித்தாள்.

"துறைமுக டீமை ஜெயிச்சோமே, அந்தக் கடைசி ட்ரையைப் பத்தி எங்கிட்டக் கேக்காதவங்க இங்க யாருமில்ல," என்றார் மாமனார். "கேக்காட்டியும் சொல்லியிருக்கேன். ஆனா ஆளை மாத்திச் சொல்லிட்டேன். அந்த ட்ரையைப் போட்டது இவர்."

கை நீட்டி, நடுவில் கை கட்டி நின்றவரைக் காட்டினார்.

பிறகு கதையைச் சொன்னார். முதல் ஆளை இடப்பக்கம் சாய்ந்து ஏமாற்றியது, இரண்டாவது ஆளின் கை சட்டையில் வழுக்கியது, சேற்றில் ஒரு முழங்கால் மடிந்தும் பந்தை விடாதது, கோட்டுக்கு அப்பால் மார்போடு விழுந்து அழுத்தியது. நாற்பது வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த கதை. ஒரு மடிப்பு கலையாமல், அத்தனையும் அப்படியே அந்த இறந்துபோன மனிதருக்குப் போட்டுவிட்டார். ஏமாந்தவர்கள் அன்றைக்கு ஒன்பது பேர். யாரும் எண்ணிப் பார்த்துச் சிரிக்கவில்லை. கதவு தலை நிமிரவே இல்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது.

கைதட்டல் அடங்கியதும் முன்வரிசையில் ஒருவர் கேட்டார். "அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"நானா?" மாமனார் ஓரத்தில் நின்ற கட்டுத்தலைக்காரனைப் பெருமையாகப் பார்த்தார். "நான் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டு," என்றார் மாமியார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

கட்டடம் இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். சத்தத்தின் நடுவே கதவு எழுந்து வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தில் நின்ற அதே பக்கம் நின்று, மாமனாரின் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடித்தார்.

"விடுடா, இப்ப நான் நேராத்தான் நிக்கிறேன்."

"பேசாம நில்லு. போட்டோ எடுக்கறாங்க."

செயலாளர் கேமராவைத் தூக்கிப் பிடித்தார். எடுத்த கையோடு ஒரு சீட்டில் இருவர் பெயரையும் தேதியையும் எழுதிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். வெளியே மைதானத்தில் பையன்கள் வெளுத்த சட்டைகளோடு காத்திருந்தார்கள். முதல் விசிலிலேயே ஒருவன் இன்னும் காயாத சேற்றில் விழுந்தான். மாமியார் மருமகளைப் பார்த்து, நாளைக்குச் சோப்பு வாங்க வேண்டும் என்றார்.